ரெசிடென்ட்

பட்டம் பெற்றபின் ஒரு துறையில் மேற்பயிற்சி பெறும் மருத்துவரைக் குறிக்கும் 'ரெசிடென்ட்' என்னும் சொல், 'உட்கார்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து 'தங்கியிருப்பவர்' என விரிந்ததாகும். பயிற்சி மருத்துவர் மருத்துவமனை வளாகத்திலேயே உண்டு உறங்கி, எந்நேரமும் அழைப்பை எதிர்நோக்கியிருந்த வழக்கமே இப்பெயருக்குக் காரணம். (உட்காரவே நேரம் வாய்க்காதவருக்கு அமைந்த பெயர் என்பது வேறு.) தமிழில் இது 'உறைவிட மருத்துவர்' எனப்படுகிறது.

பால்டிமோர் நகரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லரும் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெடும் இப்பயிற்சிமுறையை நிலைநிறுத்தினர். ஓய்வறியா உழைப்பையே பயிற்சியின் இலக்கணமாக்கிய ஹால்ஸ்டெட், உணர்விழப்பு மருந்தாகக் கொக்கெயினைத் தம்மீதே சோதித்து அதற்கு அடிமையாகிப் பின்னர் மார்ஃபினையும் விடமுடியாதிருந்தவர் என்பது, அம்முறையின் இயல்பை எண்ணும்போது ஒதுக்கத்தக்க செய்தியன்று.

வளாகத்தில் தங்கும் கட்டாயம் மறைந்தபின்னும் பெயரும் நெடும்பணியும் நீடித்தன. இடையறாப் பணியால் மனம் வறண்டு நோயாளியிடம் பரிவும் குன்றும் நிலையாகிய பணிச்சோர்வு, அப்போதெல்லாம் தனிமனிதரின் வலுவின்மையாகவே கருதப்பட்டது. 1984இல் நியூயார்க் மருத்துவமனையொன்றில் 18 வயதுப் பெண் இறந்ததையொட்டி எழுந்த விசாரணைகள் பயிற்சி மருத்துவரின் உறக்கமின்மையைப் பொதுக்கேள்வியாக்க, 1989இல் அம்மாநிலம் வாரப் பணியை 80 மணி நேரத்துக்குள் வரையறுத்தது. 2003இல் அவ்வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் பயிற்சி விதியாயிற்று. ஏனைய தொழிலாளருக்கு அது இரண்டு வார வேலை.