உரிமம் காட்டும் இடம்: மறைந்துபோன லண்டன் மதுவிடுதிகளும் குடும்ப வரலாற்று ஆய்வும்

லண்டன் குடும்பம் ஒன்றின் பழைய தாள்களில், பாட்டனுக்குப் பாட்டன் மதுவிடுதி நடத்தியதாக ஒரு வரி கிடைக்கிறது. தேடுகிறவர் உடனே இன்றைய வரைபடத்தை விரித்து அந்த விடுதியின் பெயரைத் தேடுகிறார். பெயர் அகப்பட்டால் இடம் கிடைத்துவிட்டது என்று எழுதுகிறார். அகப்படாவிட்டால் விடுதி இடிந்துபோயிற்று என்று எழுதுகிறார். இரண்டும் அவசர முடிவுகள். மதுவிடுதி என்றால் ஒரு கட்டடம் என்ற எண்ணமே இந்த அவசரத்துக்குக் காரணம். ஆங்கிலேயச் சட்டத்தின் கண்ணில் அது கட்டடம் ஆவதற்கு முன்பே ஓர் உரிமம். பெயர்ப்பலகை ஒரு பக்கமும், கட்டடம் ஒரு பக்கமும், உரிமம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகக்கூடியவை. பல விடுதிகளில் பிரிந்தும் போயிருக்கின்றன. ஆகவே மறைந்த விடுதியின் இடத்தை நிறுவ விரும்புகிறவர் பெயரையும் கதவெண்ணையும் நம்பிப் புறப்படாமல், உரிமத்தையும் அக்கம்பக்கத்தையும் பின்தொடர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெயர் எவ்வளவு எளிதில் நழுவும் என்பதற்குச் சதர்க்கில் இருந்த டாபர்ட் விடுதி போதும். சாசரின் காண்டர்பரி யாத்திரிகர்கள் கூடிய இடம் என்று உலகறிந்த விடுதி அது. 1676-இல் சதர்க்கைச் சூழ்ந்த தீயில் எரிந்தது. அதே இடத்தில் எழுந்த கட்டடத்துக்குப் பெயர் டால்பட். அதுவும் 1873-இல் இடிக்கப்பட்டது. இன்று டால்பட் முற்றம் என்ற சந்தின் பெயர்தான் மிச்சம். திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம் என்று சொல்கிறவர்கள் எந்தச் சத்திரம் என்று கேட்பதில்லை. எலிஃபண்ட் அண்ட் காசில், இஸ்லிங்டனின் ஏஞ்சல் என்ற லண்டன் வட்டாரப் பெயர்களும் அப்படியே விடுதிப் பலகைகளிலிருந்து இறங்கி ஊர்ப்பெயரானவை. பெயர் இடத்தை விட்டு எழுந்து ஊர் முழுவதும் படர்ந்துவிட்ட பிறகு, அதை வைத்து வாசற்படியைக் காட்ட இயலாது. இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. கிங்ஸ் ஆர்ம்ஸ், ரெட் லயன் போன்ற பெயர்கள் ஒரே காலத்தில் லண்டனின் பல தெருக்களில் தொங்கின. பெயர்ப் பொருத்தத்தை மட்டும் சான்றாகக் கொண்டால் ஒரு குடும்பத்தின் முன்னோரை இன்னொரு குடும்பத்தின் கல்லாவில் உட்காரவைத்துவிடுவோம்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க, ஆவணங்கள் செழிப்பாகக் கிடைக்கும் ஒரு விடுதியை எடுத்துக்கொள்கிறேன். கிழக்கு லண்டனின் ஷாட்வெல்லில், நியூ கிராவல் லேன் 81-ஆம் எண்ணில் இருந்த கிங்ஸ் ஆர்ம்ஸ். 1811 டிசம்பர் 19 இரவு இங்கே விடுதிக்காரர் ஜான் வில்லியம்சன், மனைவி எலிசபெத், பணிப்பெண் பிரிட்ஜெட் ஹாரிங்டன் மூவரும் கொல்லப்பட்டனர். பன்னிரண்டு நாள் முன்பு ராட்கிளிஃப் ஹைவேயில் மார் குடும்பத்துக்கு நேர்ந்த கொலைகளோடு இதுவும் சேர்ந்து நாட்டையே உலுக்கியது. மாடியில் தங்கியிருந்த ஜான் டர்னர் படுக்கை விரிப்புகளை முடிச்சிட்டுச் சன்னல் வழியே இறங்கித் தப்பினார். கொடுமையான செய்திதான், ஆனால் அந்தக் கொடுமையினால்தான் ஒரு சாதாரணத் துறைமுக விடுதியின் அமைப்பு எழுத்தில் பதிவாயிற்று.

இன்று நியூ கிராவல் லேனைத் தேடினால் கிடைக்காது. அது கார்னெட் ஸ்ட்ரீட் ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த ஓல்டு கிராவல் லேன் வாப்பிங் லேன் ஆயிற்று. தெருவைக் கண்டுபிடித்தவர் அடுத்ததாக இன்றைய கார்னெட் ஸ்ட்ரீட்டின் 81-ஆம் வீட்டைத் தேடப் போவார். அங்கேதான் பிழை. ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் மறுபக்கம் என்ற முறை லண்டன் முழுவதும் பரவியது பின்னாளில். அதற்கு முந்தைய தெருக்களில் எண்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வரிசையாக ஏறி, கடைசி வீட்டில் திரும்பி, மறுபக்கமாக இறங்கி வந்தன. ஆகவே 81 ஒற்றைப்படை எண் என்பதை வைத்து விடுதி எந்தப் பக்கம் இருந்தது என்று முடிவு செய்யக்கூடாது.

பக்கத்தைக் காட்டுவது வேறொரு சான்று. கொலையாளி பின்பக்கச் சன்னல் வழியே தப்பியதாகவும், சன்னலுக்குக் கீழே சரிவான களிமண் மேடு இருந்ததாகவும், அதற்கப்பால் லண்டன் டாக் (கப்பல்துறை) கம்பெனியின் வெற்றுநிலம் விரிந்திருந்ததாகவும் விசாரணையில் தெரியவந்தது. அந்தக் காலத்தினர் இந்தக் களிமண்ணை வைத்துக் கொலையாளியைத் தேடினார்கள். நாம் இதை வைத்து வீட்டைத் தேடலாம். 1805-இல் திறக்கப்பட்ட லண்டன் டாக் இந்தத் தெருவுக்கு மேற்கே இருந்தது. ஓல்டு கிராவல் லேனுக்கும் நியூ கிராவல் லேனுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் பிற்பாடு கம்பெனி தன் கிழக்கு டாக்கைத் தோண்டியது. வீட்டின் முதுகு அந்த நிலத்தைப் பார்த்திருந்தால், வீடு தெருவின் மேற்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். கதவெண்ணால் தர முடியாத விடையை ஒரு களிமண் மேடு தருகிறது.

இன்னொரு குறியும் உண்டு. இறந்த வில்லியம்சன் குடும்பத்தார் மீதான மரண விசாரணை எதிர்வரிசையில் இருந்த பிளாக் ஹார்ஸ் விடுதியில் நடந்தது. மரண விசாரணைகளை மதுவிடுதிக் கூடத்தில் நடத்துவது அன்று வழக்கம். 1902-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம்தான் அதைக் கட்டுப்படுத்தியது. இந்த வழக்கத்தின் பயனைக் குடும்ப வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் துணிபு. ஒரு விடுதியில் இறந்தவருக்கான விசாரணை அடுத்த விடுதியில் நடக்கும்போது, இரண்டு விடுதிகளின் உறவும் ஒரே ஆவணத்தில் பதிவாகிவிடுகிறது. பிளாக் ஹார்ஸின் இடம் தெரிந்தால் கிங்ஸ் ஆர்ம்ஸின் முகவாயில் எதை நோக்கியது என்பதும் தெரியும்.

இப்படித் திரட்டிய குறிகளை வைத்துப் பார்க்க ஏற்ற வரைபடம் ரிச்சர்டு ஹார்வுட் வரைந்தது. 1792 முதல் 1799 வரை 32 தாள்களில் வெளிவந்த அது லண்டன் வீடு ஒவ்வொன்றையும் எண்ணோடு காட்ட முயன்றது. முயற்சி எல்லாத் தெருவிலும் நிறைவேறவில்லை. ஹார்வுட்டுக்குப் பின் வில்லியம் ஃபேடன் அதைத் திருத்தி வெளியிட்டார். அவருடைய 1813 பதிப்பு கொலை நடந்து இரண்டே ஆண்டில் வந்தது. 1799-ஐச் சேர்ந்த தாளில் டாக் கிடையாது. 1813-ஐச் சேர்ந்த தாளில் உண்டு. எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று சொல்லாமல் ஹார்வுட் வரைபடத்தில் கண்டேன் என்று எழுதுகிறவர்கள் தம் சான்றைத் தாமே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள்.

கொலை நடந்த விடுதிக்குத்தான் இவ்வளவு சான்று, என் முன்னோர் அமைதியாகப் பீர் விற்றுவிட்டு இறந்தவர் ஆயிற்றே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கேதான் உரிமப் பதிவேடு கைகொடுக்கிறது. 1552-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஏல் விற்பவர் மாஜிஸ்திரேட்டுகளின் அனுமதி பெற்று, ஒழுங்கு காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டியிருந்தது. 1753-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பத்திரங்களைப் பதிவேட்டில் ஏற்றிக் காக்கும்படி செய்தது. 1828-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆகவே இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டுதான் தேடுகிறவருக்குப் பொற்காலம். ஷாட்வெல் மிடில்செக்ஸ் கவுண்டியின் டவர் பிரிவில் அடங்கியது. அப்பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவை சேகரவாரியாக, ஆண்டுவாரியாக எழுதப்பட்டவை. உரிமதாரர் பெயர் இருக்கும், ஜாமீன் நின்றவர் பெயர் இருக்கும், பிற்காலப் பதிவுகளில் விடுதியின் சின்னமும் இருக்கும். ஜாமீன்தாரரை விட்டுவிடாதீர்கள்: அவர் பக்கத்து விடுதிக்காரராகவோ மைத்துனராகவோ இருக்கக்கூடும். ஓர் ஆண்டில் உங்கள் முன்னோர் பெயர் நின்று, அடுத்த ஆண்டில் அதே சின்னத்துக்கு எதிரே விதவையின் பெயரோ புதியவர் பெயரோ வந்தால், உரிமம் கைமாறியது புலனாகும். கட்டடம் இடிந்து, பலகை மாறி, மனிதர் இறந்த பின்னும் இந்த வரிசை அறுபடாமல் ஓடும். அதனால்தான் உரிமத்தையே முதற்சான்று என்கிறேன்.

இந்த முறை பொய்த்துப்போகும் ஓர் இடம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. 1830-ஆம் ஆண்டின் பீர்க்கடைச் சட்டம், வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் இரண்டு கினி கட்டணத்துக்குக் கலால் துறையிடம் உரிமம் பெற்றுத் தம் வீட்டிலேயே பீர் விற்க வழி செய்தது. முதல் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 24,000 கடைகள் முளைத்தன. மாஜிஸ்திரேட்டுக்கு அவற்றின் மேல் அதிகாரம் வந்தது 1869-இல்தான். எனவே 1851 கணக்கெடுப்பில் உங்கள் முன்னோர் பீர் விற்பவர் என்று குறிக்கப்பட்டிருந்தால், மாஜிஸ்திரேட்டின் பதிவேட்டில் அவரைத் தேடி நாட்களை வீணாக்க வேண்டாம். முகவரிக் கையேடுகளும் இத்தகையோரைச் சின்னத்தின் பெயரின்றி ஆளின் பெயரிலேயே பட்டியலிட்டன. உரிமம் பெற்ற மதுவணிகர், பீர் சில்லறை விற்பனையாளர் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாக வாசிப்பதுதான் இத்துறையில் நான் அதிகம் காணும் தவறு. பீர்க்கடைக்காரரைத் தேட வேண்டிய இடம் உள்ளூர் வரிப் பதிவேடு. அங்கே குடியிருப்பவர் பெயரோடு வீடுகள் தெரு வரிசையில் நிற்கும்.

அக்கம்பக்கத்தை வைத்து இடம் காணும் முறைக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பெருந்துணை. 1841-ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பாலும் தெருப்பெயர் மட்டும் இருக்கும், கதவெண் இருக்காது. ஆனால் கணக்கெடுப்பாளர் நடந்த வழி அதில் உறைந்திருக்கிறது. புத்தகத்தின் முன்பக்கத்தில் அவர் வட்டாரத்தின் எல்லை விவரிக்கப்பட்டிருக்கும். பெயர்களுக்கு இடையே அவர் இட்ட சாய்கோடுகளைக் கவனியுங்கள்: ஒற்றைக் கோடு ஒரு குடும்பம் முடிந்ததைக் காட்டும், இரட்டைக் கோடு ஒரு வீடே முடிந்ததைக் காட்டும். ஒரே வீட்டில் நான்கு குடும்பங்கள் நெருக்கியிருந்த ஷாட்வெல் போன்ற வட்டாரத்தில் ஒற்றைக் கோடுகளை வீடாக எண்ணினால் விடுதி தெருவின் தவறான முனைக்குப் போய்விடும். இரட்டைக் கோடுகளை மட்டும் எண்ணி, இரண்டு குறுக்குச் சந்துகளுக்கு இடையே எத்தனை வீடுகள் என்று கணக்கிட்டு, அதை வரைபடத்தின் மனைகளோடு ஒப்பிட வேண்டும். பொறுமை வேண்டும் வேலை. ஆனால் செய்து முடித்தால் கிடைக்கும் விடை உறுதியானது.

1855-க்குப் பிந்தைய காலம் எளிது. பெருநகர வாரியம் தெருப்பெயர்களையும் எண்களையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. மாற்றங்களுக்குப் பட்டியல்கள் உண்டு. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் மைலுக்கு ஐந்தடி அளவிலான லண்டன் தாள்களில் விடுதிகள் பி.எச். என்ற குறியோடு நிற்கும். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மிகை என்று மூடப்பட்ட விடுதிகளுக்கு இழப்பீட்டுக் கோப்புகளும் உண்டு. கையேட்டுத் தொடர் ஆண்டு விடாமல் கிடைக்கும் இடத்தில் கதவெண்ணை நம்பலாம் என்பதை ஏற்கிறேன். அதற்கு முந்தைய காலத்துக்கு அந்தச் சலுகையை நீட்டிப்பதைத்தான் மறுக்கிறேன்.

கிங்ஸ் ஆர்ம்ஸைப் பற்றி இந்தச் சான்றுகளால் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: ஷாட்வெல், நியூ கிராவல் லேன், மேற்குப் பக்கம், முதுகில் டாக் கம்பெனி நிலம், எதிரே பிளாக் ஹார்ஸ். குடும்ப வரலாறு எழுதுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை வைப்பதற்குப் பதில் இப்படி எழுதுங்கள், எந்தத் தாளில், எந்த ஆண்டுப் பதிப்பில் கண்டீர்கள் என்பதையும் சேருங்கள். கம்பெனி அந்த நிலத்தில் தோண்டிய கிழக்கு டாக் இப்போது தூர்க்கப்பட்டுவிட்டது. கார்னெட் ஸ்ட்ரீட்டுக்கு மேற்கே அந்த இடத்தில் வாப்பிங் உட்ஸ் என்ற மரத்தோப்பு வளர்ந்திருக்கிறது.