முக்குருத்தி: தரிசு என்று யார் சொன்னது?

நீலகிரியின் மேற்கு விளிம்பில் 78.46 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது முக்குருத்தி. 1982ல் வரையாட்டுக்கான சரணாலயம், 1990ல் தேசியப் பூங்கா. கையேடுகள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒரு நிலத்துக்கு யார், எப்போது, என்ன பெயர் வைத்தார்கள் என்பதிலிருந்துதான் அதன் வரலாற்றைத் தொடங்க வேண்டும் என்பேன் நான்.

இங்கே மரக்காடு என்பது மலைமடிப்புகளில் ஒடுங்கிய சோலைதான். மற்றதெல்லாம் புல்வெளி. 1819ல் சல்லிவன் மலையேறிய பிறகு வந்த காலனிய நிர்வாகத்தின் கண்ணுக்கு மரம் இல்லாத இடம் வெறும் தரிசு. விறகுக்கென்று கற்பூர மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கின. வெள்ளைக்காரன் போனான், அவன் பார்வை போகல. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஐந்தாண்டுத் திட்டங்கள், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையைப் புல்வெளிமேல் பரப்பின. புல்லைக் கொன்ற அந்த வேலைக்குப் பெயர் 'காடு வளர்ப்பு'.

மாடு மேய்த்தவர்கள் காட்டை அழித்ததால் வந்ததே புல்வெளி என்றொரு வாதமும் இருந்தது. புல்லும் மரமும் கார்பனை வெவ்வேறு விதமாக ஏற்பவை. அந்தத் தடயத்தை நீலகிரிச் சதுப்புகளின் மக்கிய கருமண்ணில் தேடிய ரா. சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்தான் மேலோங்கியிருந்தது. வறண்ட காலத்தில் புல் விரியும். ஈரக் காலத்தில் சோலை விரியும். அப்புறம் தோடர்களின் எருமைமேல் என்ன குற்றம்?

தோடர்களுக்கு இறந்தோர் உலகம் மேற்கே இருக்கிறது. முக்குருத்திச் சிகரம் அந்த நம்பிக்கையோடு சேர்ந்தது. அவர்களுக்குப் புல்வெளி மேய்ச்சல் நிலம் மட்டுமல்ல.

1879ன் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் துரைமார்களின் வேட்டைப் பொழுதைக் காத்தது. 1938ல் மின்சாரத்துக்காக முக்குருத்தி அணை எழுந்தது. 1972ன் வன உயிரினச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேயக்கூடாது. துப்பாக்கிக்கும் அணைக்கும் இடம் கண்ட நிர்வாகத்துக்கு எருமைதான் இடைஞ்சல். 'பாதுகாப்பு' என்ற சொல்லாடல் யாரை உள்ளே வைக்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அந்நியத் தாவரங்களை அகற்ற 2022ல் தமிழக அரசே கொள்கை வகுத்தது. நல்லதுதான். சீகையை நட்டபோது மந்துகளை யாரும் கேட்கல. வெட்டும்போதாவது கேட்கணுமில்லையா? 2006ன் வன உரிமைச் சட்டம் கிராமசபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரம் தந்திருக்கிறது. சூழலியம் பேசுகிற நாமும் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டால், நாம் மீட்கும் புல்வெளியும் மனிதர் துடைக்கப்பட்ட இன்னொரு 'தரிசு'தான்.