நீரின் குற்றத்தைச் சொல்லும் மின்வாய்

அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைப்பதை மாணவர்கள் அறிந்திருப்பர். கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. மேற்கே பெரம்பலூரைக் கடந்து பச்சைமலைப் பக்கம் சென்றாலோ, அதனினும் பன்மடங்கு பழமையான கடும்பாறை நிலம். பாறை மாறினால் கிணற்று நீரும் மாறும். நீர் தான் தொட்ட பாறையைச் சிறிது கரைத்துக்கொண்டு வருகிறது. அவ்வாறு கரைந்தவற்றுள் உடலுக்கு உகந்தவையும் உண்டு. நாளடைவில் கெடுப்பவையும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒரே தெளிந்த நீர்தான். வேறுபாட்டை அறிவது எப்படி?

ஒரு காலத்தில் மனித உடலே இதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பலருக்குப் பல் கறைபட்டது. முதுகெலும்பு விறைத்துக் குனிய முடியாமற் போயிற்று. குடிநீரில் இருந்த ஃபுளோரைடே காரணம் என்று ஷார்ட் முதலிய மருத்துவ ஆய்வாளர்கள் 1937இல் எடுத்துக்காட்டினர். நோய் முற்றிய பின்னரே நீரின் குற்றம் தெரிந்தது.

நோய் வருமுன்னே குற்றத்தைக் காண உதவும் முறைகளுள் ஒன்று மின்வேதியியல். 1922 பிப்ரவரியில் பிராக் நகரில் யாரோஸ்லாவ் ஹெய்ராவ்ஸ்கி, நுண்ணிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத் துளியை மின்வாயாகக் கொண்டு கரைசல்களை ஆராய்ந்தார். மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால், ஒவ்வோர் உலோக அயனியும் தனக்குரிய அழுத்தத்தில் மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டும். அழுத்தம் பொருளின் பெயரைச் சொல்லும்; மின்னோட்டம் அதன் அளவைச் சொல்லும். இதனைத் தானே வரைந்து தரும் போலரோகிராஃப் கருவியை அவரும் ஜப்பானியரான மசுஸோ ஷிகாட்டாவும் 1925இல் வெளியிட்டனர். ஹெய்ராவ்ஸ்கிக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது.

பின்னர் வந்தோர் இதனை மேலும் கூர்மையாக்கினர். நீரிலுள்ள ஈயத்தைச் சில நிமிடங்கள் மின்வாயில் படியவிட்டு, பிறகு ஒரே வீச்சில் கழற்றி அளந்தனர். சிறுகச் சேர்த்து உண்டியலை உடைத்து எண்ணுவது போன்றது இது. நூறு கோடியில் ஒரு பங்கையும் இம்முறை காட்டும். பாதரசமே ஒரு நஞ்சாதலால், அதன் இடத்தில் பிஸ்மத் படலம் பூசிய மின்வாய் 2000ஆம் ஆண்டு அறிமுகமாயிற்று.

பாலைச் சோதிப்பது இன்னும் கடினம். 1955இல் மேற்கு ஜப்பானில் குழந்தைகளுக்கான பால்மாவில் ஆர்சனிக் கலந்துவிட்டது. 12,000க்கு மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பால்மாவுடன் சேர்த்த சோடியம் ஃபாஸ்ஃபேட்டில் இருந்த மாசே காரணம். ஆர்சனிக்கையும் மின்வாயால் அளக்கலாம். ஆனால் பாலின் புரதமும் கொழுப்பும் மின்வாயின்மேல் ஆடைபோல் படிந்து அதனைக் குருடாக்கிவிடும். ஆகவே பாலை அமிலத்தில் சிதைத்து அவற்றை அகற்றிய பின்னரே அளப்பர்.

ஃபுளோரைடுக்கு ஏற்ற மின்வாய் 1966இல் வந்தது. ஃபிராண்ட், ராஸ் என்னும் அமெரிக்கர் இருவர் அதனை லாந்தனம் ஃபுளோரைடுப் படிகத்தால் செய்தனர். அப்படிகத்தினூடே ஃபுளோரைடு அயனி நகர வல்லது. நீரில் அதன் செறிவு பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீர் இல்லையெனில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

இத்துறைக்கெனத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் உள்ளது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது.

இனி நம் கிணறுகளுக்கு வருவோம். கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு அதிகம் தங்குவதில்லை. இரண்டும் கூடி, எளிதில் கரையாத கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். ஆகவே சுண்ணாம்பு நிலத்துக்கு இவ்வகையில் ஓரளவு காப்பு உண்டு. அதற்காக அரியலூர்க் கிணறெல்லாம் நல்லது, பெரம்பலூர்க் கிணறெல்லாம் தீயது என்று தீர்ப்புக் கூறலாகாது. வயலுக்கு இட்ட உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட், சுண்ணாம்பு நிலம் என்று விட்டுவைப்பதில்லை. ஒரே ஊரில் இரு ஆழ்துளைக் கிணறுகள் இருவேறு பாறைப் பிளவுகளைத் தொடவும் கூடும். எனவே அந்தந்தக் கிணற்றின் நீரை அளந்து பார்த்தே குடிக்கத்தக்கது எனக் கொள்ள வேண்டும்.