சுமை யார் தலையில்? காரைக்காலில் மூன்று காகிதங்களின் வரலாறு



அரசு உதவிகளை எளிமைப்படுத்துவோம் என்று இன்று எல்லா அரசுகளும் சொல்கின்றன. ஒரே இணையதளம், ஒரே எண், வங்கிக் கணக்கில் நேரடி வரவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்துக்கு எளிதாக இருப்பதெல்லாம் சேரிக்கும் எளிதாக இருந்துவிடுவதில்லை. காரைக்கால் மண்ணின் மூன்று காகிதங்களை வைத்து இதைப் பேச விரும்புகிறேன்.

முதல் காகிதம் 1881ஆம் ஆண்டினது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசம் போனது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதியிட்ட பிரெஞ்சு ஆணை, இந்தியர் தங்கள் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. பதிவு அதிகாரி முன் ஒரு வாக்குமூலம் தர வேண்டும்; ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இப்படித் துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். முன்வந்தவர்களில் தலித்துகளும் கிறிஸ்தவர்களும் கணிசமானவர்கள். அவர்களில் பலர் பிரெஞ்சுப் படையிலும் இந்தோசீன நிர்வாகத்திலும் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு திரும்பினார்கள்.

பிரெஞ்சு அரசைப் புகழ இதைச் சொல்லவில்லை. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் ஆதிக்க சாதியினர் இவர்களை எதிர்த்தார்கள். 1884இல் ரெனோன்சான்களைத் தனி வாக்காளர் பட்டியலில் ஒதுக்கியதும் அதே அரசுதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காகிதத்தில், ‘நான் இன்னார்’ என்று ஒருவர் சொன்னார், அரசு எழுதிக்கொண்டது.

இரண்டாம் காகிதம் சாதிச் சான்றிதழ். இந்தியாவின் பிற பகுதிகளுக்குப் பட்டியல் சாதியினர் ஆணை 1950இல் வந்தது. காரைக்கால் 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது; 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தது. புதுச்சேரிக்கான பட்டியல் ஆணையோ 1964இல்தான் வெளிவந்தது. அதுவரை இந்திய அரசமைப்பின் பார்வையில் காரைக்காலில் பட்டியல் சாதி என்றொரு பிரிவே இல்லை. ஊருக்கு வெளியே சேரி மட்டும் இருந்தது.

அந்த ஆணை, யூனியன் பிரதேசத்தில் ‘வசிக்கும்’ இந்தச் சாதியினர் என்று வரையறுத்தது. காரைக்காலின் நிலவியலை அறிந்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லின் கனம் தெரியும். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். கொள்வினை கொடுப்பினைக்கு எல்லைக்கோடு கிடையாது. கூலி வேலைக்கும் கிடையாது. ஆனால் ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி, குடிபெயர்ந்தவரோடு இன்னொரு மாநிலத்துக்கு வராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வாழ வந்த பெண்ணின் சாதியை அறிய ஊருக்கு யாரிடமும் சான்றிதழ் கேட்கத் தேவையில்லை. அவளைச் சேரியில் நிறுத்த ஒரு காகிதமும் வேண்டியதில்லை. உதவி கேட்டு அவள் அலுவலகப் படியேறும்போது மட்டும் தமிழ்நாட்டுச் சான்று கேள்விக்குள்ளாகிறது. ‘வசிக்கும்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டுப் புதுச்சேரி வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

இன்னொரு முரணும் உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களை 1964 ஆணை பட்டியலில் சேர்க்கவில்லை. சாதியைத் துறந்து கையெழுத்திட்ட கிறிஸ்தவ ரெனோன்சானின் பேரப் பிள்ளைக்கு, சாதி தந்த காயம் இருக்கிறது, சான்று இல்லை.

உயர்கல்வி உதவித்தொகைக்கு நுழைவாயில் இந்தச் சான்றுதான். பட்டியல் சாதி மாணவர்களின் கல்விக்கு நிதி கேட்டு 1942இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் லின்லித்கோவிடம் மனு அளித்தார். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. அவர் கேட்டது உரிமை. காலப்போக்கில் நிர்வாகம் அதைச் சலுகையாக்கி, சலுகைக்குச் சந்தேகத்தைக் காவல் வைத்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்தை மாற்றியமைத்தது. ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய். அதில் 35,534 கோடி, அதாவது 60 விழுக்காடு, மத்திய அரசின் பங்கு. பணம் மாணவரின் கணக்குக்கே வரும் என்றார்கள். ஆனால் மாநில அரசு தன் பங்கை விடுவித்தது உறுதியான பிறகே மத்தியப் பங்கு வரும் என்பது விதி. இரண்டு அரசுகளின் கணக்கு நேராகும் வரை கல்லூரிக் கட்டணத்துக்குப் பதில் சொல்பவர் யார்? பதினெட்டு வயதுப் பிள்ளை.

மூன்றாம் காகிதம் வங்கிக் கணக்குப் புத்தகம். 2015 செப்டம்பரில் புதுச்சேரியும் சண்டிகரும் ரேஷன் தானியத்துக்குப் பதில் கணக்கில் பணம் போடும் சோதனைக்களங்கள் ஆயின. இங்கே அது அரசியல் சண்டையாகவும் வளர்ந்தது. அரிசிதான் வேண்டும் என்றது நாராயணசாமி அரசு. பணம்தான் என்று நின்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. ரேஷன் கடைகள் மூடிக் கிடந்து, 2024 அக்டோபரில் மறுபடி திறந்தன. சோதனைக் காலத்தில் நிதி ஆயோக்குக்காக நடந்த கள ஆய்வு ஒரு முக்கியமான உண்மையைக் காட்டியது. அலுவலகப் பதிவில் பணம் ஏறக்குறைய எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வீடுகளில் கேட்டபோது, கணிசமானவர்கள் வரவில்லை என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் விழுந்த குடும்பம் யாரிடம் முறையிடும்? ரேஷன் கடை எடையில் ஏமாற்றலாம். ஆனால் அங்கே நின்று சண்டை போட ஒரு ஆள் இருந்தார். திரையில் ‘நிலுவையில்’ என்று தெரியும் சொல்லுக்கு முகமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மேல்முறையீடு செய்ய ஓர் உத்தரவும் இல்லை.

1881இல் ஒருவர் சொல்ல, அரசு எழுதியது. 1964க்குப் பிறகு அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2015க்குப் பிறகு, நிரூபித்தவருக்கும் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது. படிவம் சுருங்கியது, நிரூபிக்கும் சுமை குறையவில்லை. அந்தச் சுமையை விண்ணப்பதாரரின் தலையிலிருந்து அரசின் தலைக்கு மாற்றுவதுதான் உண்மையான எளிமை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. தந்தைக்கோ உடன்பிறந்தோருக்கோ அரசே தந்த சான்று இருந்தால், பிள்ளைக்குப் புதிய விசாரணை கூடாது. ஒரு துறையிடம் இருக்கும் ஆவணத்தை இன்னொரு துறை மாணவரிடம் கேட்கக் கூடாது. மறுத்தால், காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் குறித்த நாளுக்குள் தர வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் காரைக்காலிலேயே இருக்க வேண்டும். தமிழ்நாட்டைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்க் கேட்கும் நிலை கூடாது. அரசு தர வேண்டிய பாக்கிக்காக எந்த மாணவரின் தேர்வு நுழைவுச்சீட்டையும் நிறுத்தக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் உதவி கிடைக்காமல் நிற்கும் விண்ணப்பங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: கொடுத்த நாள், கேட்ட காகிதங்கள், சொன்ன பதில். நம் மூத்தவர்கள் மனு எழுதியே இந்த உரிமைகளைப் பெற்றார்கள். அந்த நோட்டு நிறையும்போது நம் அடுத்த மனு தயாராகிவிடும்.

ஜெய் பீம்.