கொரிய மக்கள் காத்த செல்வம்



கொரியா என்ற பெயர் இன்று நம் தோட்டத்து வீடுகளுக்குப் புதிதன்று. காரமான கொரிய மீ பட்டணத்துக் கடையிலிருந்து நம் அடுப்படிக்கு வந்துவிட்டது. கொரியத் தொடர்நாடகங்களை நம் பிள்ளைகள் கைப்பேசியில் விரும்பிப் பார்க்கிறார்கள். பெரியவர்களில் சிலர் இதைக் கண்டு சிரிக்கிறார்கள், சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால், இன்று உலகமே விரும்பிச் சுவைக்கும் அந்தப் பண்பாடு, ஒரு காலத்தில் தன் சொந்த மண்ணிலேயே அழியும் நிலைக்கு வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கொரிய மக்களின் உணவு, விழா, கோயில், திரைப்படம் ஆகிய நான்கின் வழியாக அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

கொரியா, சீனாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு தீபகற்பம். 1910ஆம் ஆண்டில் ஜப்பான் அந்நாட்டைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டது. 1945 ஆகஸ்டு மாதம் வரை அந்த ஆட்சி நீடித்தது. மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி மூன்றரை ஆண்டுகள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த அந்தக் காலத்தைப் பற்றி நம் பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொரியர்கள் அதைப் போல் பத்து மடங்கு காலம், முப்பத்தைந்து ஆண்டுகள், அந்நியக் கொடியின் கீழ் வாழ்ந்தார்கள். அங்கே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளைகளும் பெற்றுவிட்டது.

கொரியர்கள் தாயை ‘ஓம்மா’ என்றும் தந்தையை ‘ஆப்பா’ என்றும் அழைப்பதைக் கேட்டு, அவர்கள் நமக்கு உறவினர் என்று சொல்வோர் உண்டு. ‘சம்குக் யூசா’ என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூல், ‘ஆயுத்தா’ என்ற தூர நாட்டு இளவரசி ஒருத்தி கப்பலேறி வந்து கொரிய மன்னனை மணந்த கதையைக் கூறுகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆயினும், தமிழும் கொரிய மொழியும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

ஐயமின்றித் தெரிந்த தொடர்பு ஒன்று உண்டு. அது வேதனையானது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்ட மரண ரயில்பாதையை நாம் மறக்க முடியாது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. அதே பாதையில் போர்க்கைதிகளின் முகாம்களைக் காவல் காத்தவர்களில் பலர், ஜப்பானியப் படை சேர்த்துக் கொண்டுவந்த கொரிய இளைஞர்கள். கைதிகளைக் கொடுமைப்படுத்திய குற்றத்திற்காகப் போர் முடிந்தபின் அவர்களில் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். அடிமைப்பட்டவன் கையில் தடியைக் கொடுத்து இன்னோர் அடிமைப்பட்டவனை மிரட்டச் செய்வது ஆண்டவர்களின் பழைய வழக்கம். நம் தோட்டத்து வரலாறும் அதை அறியும்.

இனி, முதலாவதாக உணவு.

கொரியாவில் வசந்த காலம் என்பது ஏழைக் குடியானவனுக்குப் பசிக்காலம். முந்தைய ஆண்டு அறுத்த நெல் தீர்ந்துவிடும். பார்லி இன்னும் முற்றியிருக்காது. இடைப்பட்ட அந்த வாரங்களை அவர்கள் ‘பார்லி மேடு’ என்று அழைத்தார்கள். ஏறிக் கடக்க வேண்டிய மேடு. வேரையும் மரப்பட்டையையும் அவித்துத் தின்று அந்த மேட்டைக் கடந்தவர்கள் பலர். ஜப்பானிய ஆட்சியில் கொரிய வயல்களில் நெல் விளைச்சல் கூட்டப்பட்டது. ஆனால் அரிசி பெருமளவில் ஜப்பானுக்குக் கப்பலேறியது. விளைவித்தவன் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையை உண்டான்.

இப்படிப்பட்ட வீட்டைக் காப்பாற்றியது கிம்ச்சி. சீன முட்டைக்கோசையோ முள்ளங்கியையோ உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பிட்ட கூனி இறால் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, மண்சாடியில் அடைத்துப் புளிக்க வைப்பார்கள். பனிக்காலத்தில் கொரிய மண்ணில் ஒரு கீரையும் முளைக்காது. ஆகவே குளிர் தொடங்குமுன் ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடி, இன்று உன் வீடு நாளை என் வீடு என்று முறை வைத்து, பனிக்காலம் முழுவதற்கும் போதுமான கிம்ச்சியைப் போட்டு, சாடிகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைப்பார்கள். இந்தக் கூட்டு வேலைக்குக் ‘கிம்ஜாங்’ என்று பெயர். வீட்டில் ஆளில்லாத முதியவர்க்கும் ஏழைக்கும் ஒரு பங்கு போவது வழக்கம்.

இதில் வியப்பான செய்தி ஒன்று. கிம்ச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மிளகாய் கொரியாவின் சொந்தப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துக்கீசியர் முதலான கடலோடிகளின் கப்பல்கள் வழியே ஆசியாவுக்கு வந்தது. நம் குழம்புக்கு மிளகாய் வந்ததும் அப்படித்தான். அதற்கு முன் நமக்கு மிளகு. அவர்களுக்கு வெறும் உப்பு ஊறுகாய். வெளியிலிருந்து வந்ததை ஏற்றுக்கொண்டு தமதாக்கிக்கொள்வதும் பண்பாட்டின் ஓர் இயல்பு என்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது, விழா.

அவர்களின் பெரிய விழாக்கள் இரண்டு. ஒன்று, சந்திர நாள்காட்டிப்படி வரும் புத்தாண்டு, ‘சோல்லால்’ என்பார்கள். மற்றொன்று, எட்டாம் மாதத்து முழுநிலவு நாளில் வரும் ‘சூசோக்’. இது அறுவடை விழா. சூசோக்குக்கு முன் ஆண்கள் ஊருக்குச் சென்று முன்னோர் கல்லறைகளில் வளர்ந்த புல்லை அறுத்துத் துப்புரவு செய்வார்கள். விழா நாள் காலையில் புது அரிசியில் சமைத்ததை முன்னோருக்குப் படைத்துவிட்டுத்தான் உண்பார்கள். அன்று செய்யும் பலகாரம் ‘சோங்பியோன்’. அரிசி மாவில் எள்ளோ பயறோ பூரணமாக வைத்து, பிறை வடிவில் பிடித்து, பைன் இலைகளைப் பரப்பி ஆவியில் வேக வைப்பது. நம் வீட்டுப் பெண்கள் பார்த்தால் ‘இது கொழுக்கட்டைதானே’ என்பார்கள்.

ஜப்பானிய அதிகாரிகள் சந்திரப் புத்தாண்டை மூட வழக்கம் என்று இகழ்ந்து, சனவரி முதல் நாளையே கொண்டாட வேண்டும் என்று நெருக்கினார்கள். விடுதலைக்குப் பின் வந்த தென்கொரிய அரசுகளும் நெடுங்காலம் அதே வழியில்தான் சென்றன. முன்னேறும் நாட்டுக்கு இரண்டு புத்தாண்டு எதற்கு என்று கேட்டன. மக்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் வீட்டில் படையல் போட்டார்கள்; அரிசி அப்பத் துண்டுகள் போட்ட சூப்பைக் குடித்து, வயது ஒன்று கூடியதாக வாழ்த்திக்கொண்டார்கள். கடைசியில் அரசுதான் இறங்கி வந்தது. 1985ஆம் ஆண்டு ‘நாட்டுப்புற நாள்’ என்ற பெயரில் ஒரு நாள் விடுமுறை தந்தது. 1989ஆம் ஆண்டு சோல்லால் என்ற பழைய பெயரே திரும்பியது. விடுமுறையும் மூன்று நாளாயிற்று.

மூன்றாவது, கோயில்.

கி.பி. 372ஆம் ஆண்டு புத்த சமயம் சீனா வழியாகக் கொரியாவுக்கு வந்தது. மலைச்சாரல்களில் மரத்தாலான கோயில்கள் எழுந்தன. எட்டாம் நூற்றாண்டில் கியோங்ஜு நகரருகே எழுந்த புல்குக்சா கோயிலை, 1593ஆம் ஆண்டு படையெடுத்து வந்த ஜப்பானியர் எரித்தார்கள். அதன் கல் பாலங்களும் கோபுரங்களும் எஞ்சி நின்றன. பிற்காலத்தில் பலமுறை பழுது பார்க்கப்பட்டு, 1973ஆம் ஆண்டில் அது மீண்டும் முழுமையாக எடுத்துக் கட்டப்பட்டது.

ஹெயின்சா கோயிலின் கதை இன்னும் அரியது. புத்த சமய நூல்கள் முழுவதையும் மரப்பலகைகளில் எழுத்தெழுத்தாகச் செதுக்கி வைத்திருந்தார்கள் கொரியர்கள். 1232ஆம் ஆண்டு மங்கோலியப் படை அவற்றைக் கொளுத்திவிட்டது. போர் இன்னும் ஓயவில்லை. அந்த நெருப்புக் காலத்திலேயே மறுபடியும் முதலிலிருந்து செதுக்கத் தொடங்கினார்கள். 1248ஆம் ஆண்டு வேலை முடிந்தது. மொத்தம் 81,258 பலகைகள். இன்றும் அவை ஹெயின்சாவில் உள்ளன. அவற்றை வைத்திருக்கும் பதினைந்தாம் நூற்றாண்டுக் கட்டடத்தில் மின்விசிறியோ குளிர்சாதனமோ கிடையாது. மேலும் கீழுமாக வெவ்வேறு அளவில் வைத்த சன்னல்கள் மலைக்காற்றை உள்ளே சுற்றவிடுகின்றன. கரியும் சுண்ணாம்பும் உப்பும் கலந்த மண்தரை ஈரத்தை வாங்கியும் விட்டும் சமப்படுத்துகிறது. பெயர் தெரியாத தச்சர்களின் அறிவு அது.

1950ஆம் ஆண்டு தொடங்கிய கொரியப் போரில் இந்தக் கோயிலுக்கு ஆபத்து வந்தது. சுற்றுக் காடுகளில் எதிரிகள் பதுங்கியிருந்ததால், 1951ஆம் ஆண்டு கோயிலின்மீது குண்டு போடக் கட்டளை பிறந்தது. தென்கொரிய விமானப்படை அதிகாரி கிம் யோங் ஹ்வான் அந்தக் கட்டளையை நிறைவேற்ற மறுத்தார். அவருடைய மறுப்பால்தான் அந்தப் பலகைகள் இன்றும் இருக்கின்றன.

நான்காவதாகத் திரைப்படத்துக்கு வருமுன், மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சீன எழுத்தைக் கற்க வழியில்லாத எளிய மக்களும் படிக்க வேண்டும் என்று மன்னர் சேஜோங் 1443ஆம் ஆண்டில் உருவாக்கி, 1446ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்தே ஹங்குல். ஜப்பானியர் 1938ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் கொரிய மொழிப் பாடத்தை ஒதுக்கி, பின்னர் இல்லாமலே செய்தார்கள். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தது. 1940ஆம் ஆண்டு குடும்பப் பெயர்களையே ஜப்பானிய முறைக்கு மாற்றச் செய்தார்கள்.

அந்த நாளில் கொரிய மொழிக் கழகத்தினர் ஓர் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர்களும் தங்கள் வட்டாரச் சொற்களைக் கேட்டெழுதி அனுப்பினார்கள். 1942ஆம் ஆண்டு அறிஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். இருவர் சிறையிலேயே இறந்தார்கள். கையெழுத்துப் படிகள் பறிமுதலாயின. விடுதலை வந்த அடுத்த மாதம், 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையக் கிடங்கு ஒன்றில் அந்தக் காகிதக் கட்டுகள் கண்டெடுக்கப்பட்டன. 1947ஆம் ஆண்டு முதல் தொகுதி வெளிவந்தது. 1957ஆம் ஆண்டு ஆறாம் தொகுதியோடு அகராதி நிறைவுற்றது. பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, இந்த வரலாற்றிலேயே மனத்தை மிகவும் தொட்ட பகுதி இதுதான்.

இனித் திரைப்படம். 1926ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சியோல் நகரின் தான்சோங்சா அரங்கில் ‘அரிராங்’ என்ற ஊமைப்படம் திரையிடப்பட்டது. எழுதி நடித்து இயக்கியவர் நா ஊன் கியூ. விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று வந்தவர். மனம் பேதலித்து ஊர் திரும்பிய ஒரு மாணவன், தன் தங்கையிடம் முறைகேடாக நடக்க முயன்ற பண்ணையாரின் ஆளை அரிவாளால் வெட்டிவிடுகிறான். காவலர்கள் அவனைக் கட்டி மலைக்கணவாய் வழியே கொண்டுபோகும்போது ஊரார் அரிராங் பாட்டைப் பாடுகிறார்கள். ஆட்சியாளரைப் பற்றி நேரடியாக ஒரு சொல் இல்லை. ஆனால், படம் பார்த்தவர்களுக்கு எல்லாம் விளங்கியது. கொட்டகையில் மக்கள் அழுதுகொண்டே சேர்ந்து பாடினார்கள். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பாட்டு மட்டும் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் நாடு வடக்கு, தெற்கு என்று பிளவுபட்டது. 1950 முதல் 1953 வரை நடந்த போர் ஊர்களைச் சாம்பலாக்கியது. அமெரிக்கப் படைமுகாம்களில் மிஞ்சிய இறைச்சியைக் கிம்ச்சியோடு கொதிக்க வைத்து உண்ட ‘படைமுகாம் குழம்பு’ அந்த வறுமையில் பிறந்ததுதான். இன்று அதைக் கடைகளில் விலை கொடுத்து விரும்பி உண்கிறார்கள். தென்கொரியாவில் திரைப்படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது சட்டத்துக்கு முரணானது என்று 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், கலைஞர்கள் தங்கள் சமுதாயத்தின் குறைகளையும் துணிந்து காட்டினார்கள். பாதி நிலத்துக்கடியில் அமைந்த வீட்டில் வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதையான ‘பாரசைட்’ 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. பொங் ஜூன் ஹோ இயக்கிய அந்தப் படம் 2020ஆம் ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிப்படம் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. அகராதிக்காகச் சிறை சென்றவர்களின் வரலாற்றைத் தழுவிய ‘மால்மோய்’ என்ற படமும் 2019ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

நேயர்களே, வடகொரியாவும் தென்கொரியாவும் இன்னும் பிரிந்தே இருக்கின்றன. ஆயினும், உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் அரிராங் பாட்டைத் தெற்கு 2012ஆம் ஆண்டிலும் வடக்கு 2014ஆம் ஆண்டிலும் பதிவு செய்தன. கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013ஆம் ஆண்டு தெற்கும், 2015ஆம் ஆண்டு வடக்கும் பதிவு செய்தன. முள்வேலிக்கு இருபுறமும் ஒரே பாட்டு, ஒரே சாடி.

இந்தச் செல்வத்தைக் காத்தவர்கள் யார்? அறிஞர்களும் கலைஞர்களும் சிலர். மற்றவர்கள் ஊறுகாய் போட்ட பெண்கள், கல்லறைப் புல்லை அறுத்தவர்கள், பலகை செதுக்கிய தச்சர்கள், சொற்களை எழுதி அனுப்பிய மாணவர்கள். நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. அங்கே திருவிழாவுக்கு ஒன்றுகூடுவதும், பாட்டி சொல்லும் சொல்லைப் பிள்ளைக்குப் புரியவைப்பதும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதும் நம் கையில் இருக்கின்றன. அடுத்த முறை உங்கள் பிள்ளை கொரிய நாடகம் பார்க்கும்போது, பக்கத்தில் அமர்ந்து அந்த அகராதியின் கதையைச் சொல்லுங்கள். பிறகு நம் கதை ஒன்றையும் சொல்லுங்கள்.