ராப் இசை: பழையவர்களின் கணக்கு

ராப் பாடுவதில் அந்தக் காலத்தவர் பெரியவரா, இன்றைய கலைஞர்கள் பெரியவர்களா என்று ரசிகர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். வங்கியில் பேரேடு எழுதிப் பழகியவன் நான். முதலில் தொடக்க இருப்பைப் பார்ப்பேன்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு கொண்டாட்டம் நடத்தினார். பள்ளி திறக்கும்முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதே நோக்கம். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஹிப்-ஹாப்பின் பிறப்பிடமாகச் சொல்லப்படுவது அந்த அறைதான்.

1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டு பெரிய வெற்றி பெற்றது. அதிலுள்ள பல வரிகளை எழுதியவர் கிராண்ட்மாஸ்டர் காஸ். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. அவருக்குப் பணமும் வரவில்லை. 2011இல் ஹெர்க் நோயுற்றபோது மருத்துவக் காப்பீடு இல்லாததால் பிறர் உதவியை நாட வேண்டியிருந்தது.

இன்றையவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். 2018இல் கென்ட்ரிக் லாமர் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். அதுவரை செவ்வியல், ஜாஸ் இசைக்கு மட்டுமே அது கிடைத்து வந்தது.

ஹெர்க்கை ராக் அண்ட் ரோல் புகழ் மன்றம் சேர்த்துக்கொண்டது 2023இல். அதாவது 50 ஆண்டுகள் கழித்து. ஆகவே யார் பெரியவர் என்று வாதிடுவதைவிட, முதல் போட்டவர்களுக்குச் சேர வேண்டியது உரிய நேரத்தில் சேர்ந்ததா என்று கேட்பதே நியாயம். இன்றைய இளைஞர்களும் அதைத் தெரிந்துகொண்டு ரசிக்கட்டும்.