ஓரிழை வெள்ளை

உறையாமலிருக்க மருந்து சேர்த்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தால் சிவப்பு கீழே இறங்கும், மேலே மஞ்சளாக நீர் தெளியும். நடுவே ஓரிழை வெள்ளை. தெள்ளாரில் தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு அது பட்டிழையாகத்தான் தெரியும். முப்பது வருஷம் ஆய்வகத்தில் ரத்தம் எண்ணினேன். ஒருநாள் எங்கள் தெருப் பையனின் குழாயில் அந்த இழை, கஞ்சி வடித்து ஊற்றியதுபோல் திரண்டு நின்றது. அணு எண்ணும் கண்ணாடியான நியூபாவர் சேம்பரில் நான்கு மூலைக் கட்டங்களை எண்ணி 50-ஆல் பெருக்கினேன். 11,000-க்குள் இருக்க வேண்டிய வெள்ளணுக் கணக்கு லட்சத்தைத் தாண்டியது. மறுபடி எண்ணினேன். சீழ், காய்ச்சல் என்றாலும் கணக்கு ஏறும்தான். ஆனால் ஸ்லைடில் தெரிந்ததெல்லாம் முதிராத பிஞ்சு அணுக்கள்.

1845-இல் பெர்லினில் மருத்துவர் விர்ச்சோ இந்த ரத்தப் புற்றுநோயை 'வெள்ளை ரத்தம்' என்றார். 1847-இல் லுகேமியா என்று பெயரிட்டார். குழந்தைகளைத் தாக்கும் அதன் வேகமான வகைக்கொரு மருந்து வர நூறு வருஷம் ஆனது. அந்த மருந்தின் தடம் திருவல்லிக்கேணி வழியாகப் போகிறது.

பம்பாய் மில்களில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய வந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்ததும் அவர்களுக்கு ரத்தம் ஊறியது. 1931-இல் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்தார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு முன்பே அதே திருவல்லிக்கேணியில், இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததற்காக எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு எல்.எம்.எஸ். மட்டும் பெற்றவர். அண்ணன் தம்பி இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலமே மருந்து. அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் 1945-இல் அவருடைய குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சடைக்கும்.

பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் லுகேமியா குழந்தைகளுக்கு ஃபோலிக் பொருள்களைக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாகத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால்? அதன் உருவிலேயே போய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் அமினோப்டெரினை சுப்பாராவின் குழு செய்து அனுப்பியது. தார்க்குச்சியில் ஊடை நூல் தீர்ந்தால் தறி நிற்கிறதே, அப்படித்தான். அணுப் பெருக்கம் நின்றது. 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார்: 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள், தற்காலிகமாக. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்தார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட். எங்கள் தெருப் பையன் வாரம் ஒருநாள் விழுங்கிய சின்ன மஞ்சள் மாத்திரை அதுதான். நாள் தவறிவிடக் கூடாதென்று அவன் அம்மா தினசரி காலண்டர் தாளில் மஞ்சள் பொட்டு வைத்திருந்தார்.